இளையவனைப் பற்றிய செய்தி

கல்வெட்டில் பிழை விட்டால் எங்கள் சனம் லேசில் மன்னிக்காது. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியில் அந்த நினைவுப் புத்தகம் கைக்கு வந்ததும், எல்லோரும் முதலில் தங்கள் பெயரைத்தான் தேடுவார்கள். மருமகனின் பெயர் விடுபட்டதால் ஒரு குடும்பம் சாப்பிடாமலே எழுந்து போனது எனக்குத் தெரியும். அதனால் சுன்னாகத்து அச்சகத்தில் பதினொரு வருடமாக ஒவ்வொரு வம்ச விபரத்தையும் கவனமாக வாசித்துத்தான் அச்சுக்கு விட்டேன். யார் எந்த நாட்டில், யாரோடு பேச்சில்லை, வீட்டில் தனித்துப் போனது யார், எல்லாம் அதில் இருக்கும். நான் திருடவில்லை ஐயா. அவர்களே எழுதிக் கொண்டுவந்து தந்தார்கள்.

அருமைநாயகி அம்மா கணவரின் கல்வெட்டுக்காக வந்தார். மகள் கனடாவில். இளையவன் மயூரதன் இரண்டாயிரத்து ஒன்பதில் காணாமல் போனவன். அவன் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடவா என்று கேட்டேன்.

"போடாதை பிள்ளை. அவன் இருக்கிறான். கண்டு சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை."

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதற்கு முன் சிலருக்குப் பரிசு விழுந்திருக்கிறது, விசா வந்திருக்கிறது என்று போனில் சொல்லிக் காசு பறிக்கப் பார்த்திருந்தேன். பாதிப் பேர் சந்தேகப்பட்டார்கள். ஒருவருக்கு உண்மையிலேயே வேண்டியது எதுவென்று தெரிந்துவிட்டால் நாம் கெஞ்ச வேண்டியதில்லை, அவர்களே கெஞ்சுவார்கள்.

தெற்கில் ஒரு சிறை அலுவலகத்தில் வேலை செய்யும் ஜெனிற்றா என்று சொல்லி அம்மாவைப் போனில் அழைத்தேன். பேச்சைக் கொழும்புப் பக்கமாக மாற்றியதால் குரல் பிடிபடவில்லை. முதல் நாள் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் 'குஞ்சன்' என்று கூப்பிடும் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். கல்வெட்டுக்கு அவர் எழுதித் தந்த புலம்பலிலேயே அந்தப் பெயர் இருந்தது. அது அவருக்கு நினைவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான்:

"சாப்பிடுறானோ பிள்ளை?"

"ஓம்" என்றேன். எனக்கும் கண் கலங்கியது. அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

ஞாயிறுதோறும் ஒரு செய்தி சொன்னேன். இருமல் என்றேன், அடுத்த கிழமை சுகம் என்றேன். ஐந்தாவது கிழமை, அவனைப் பார்க்க வருவதற்கான பதிவுக்குத் தேவை என்று, வங்கியிலிருந்து அவருடைய போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். வீடு திருத்த மகள் அனுப்பிய காசெல்லாம் என்னிடம் வந்தது. நான் கேட்காமலே, "காணி உறுதியும் கிடக்குது பிள்ளை" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வீடும் நிலமும் கைமாறின. இப்போது கீரிமலையில் ஒரு மடத்தில் இருக்கிறாராம்.

நிறுத்தவும் பார்த்தேன். ஒரு ஞாயிறு நான் பேசவில்லை. இருபத்தேழு தடவை அழைத்திருந்தார்.

முறைப்பாடு செய்தது மகள். நீங்கள் என்னை அம்மாவின் முன்னால் நிறுத்தியபோது அவர் என்னைத் திட்டவில்லை. உங்கள் காலில் விழுந்தார்.

"உந்தப் பிள்ளையை மறியலிலை அடைச்சால் என்ரை குஞ்சனை எனக்கு ஆர் காட்டுறது?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மயூரதனை நான் கண்டதே இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்பதும் எனக்குத் தெரியாது. ஒரேயொரு வேண்டுகோள். என் போன் உங்களிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் அழைப்பார். அவன் சுகமாக இருக்கிறான் என்று யாராவது ஒரு பெண் பொலிஸைக் கொண்டு சொல்லுங்கள். பாவம், அந்த மனிசிக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?