மரியாதைக்கு ஒரு அட்மின்

எட்டயபுரத்தில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஆடு வளர்க்கிற இருவர். ஒருவர் இளவயது, மற்றவர் நரைத்தவர்.

"பரமன் மாமாவ போலீஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாவ, அண்ணாச்சி."

"அவரு என்னடே செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல. நம்ம ஆட்டுக்காரங்க குரூப்புல எவனோ மந்திரியத் திட்டி வீடியோ போட்டுட்டான். அட்மின்தான் பொறுப்புன்னுட்டாவ."

"அவருக்குப் போன்ல பேச மட்டுந்தான தெரியும்."

"மூத்தவருன்னு மரியாதைக்கு அட்மினாப் போட்டோம். கோயில் கொடை நோட்டீஸ்ல மொதப் பேரு போடுதோம்லா, அது மாதிரி."



"இப்ப யாரு அட்மினு?"

"அவருக்கு அடுத்து மூத்தவிய நீங்கதான அண்ணாச்சி. நேத்தே போட்டுட்டோம்."

பின்னாலிருந்து காக்கிச்சட்டைக் கண்டக்டர் தோளைத் தொட்டதும், நரைத்தவர் எழுந்து நின்றுவிட்டார்.