ஒரு வரிக்கு இடமில்லாத பக்கம்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும், எங்கள் மாலை நாளிதழின் இன்றைய உரிமையாளரும் என் அந்நாள் முதலாளியின் அருமை மைந்தருமான அவைத்தலைவர் அவர்களே! மையோடு பிறந்து மையோடு மூத்து, ஓய்வு பெற்ற பின்னும் ஓய்ந்திருக்க மனமில்லாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த இதழாளர்களே! செய்தி தேடிப் போன பிள்ளையே ஒருநாள் செய்தியாகிவிடுமோ என்று, அழைப்பு மணி ஒலிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிய தாய்மார்களே! கழுத்தில் கேமராவும் கண்ணில் கனலுமாகப் பக்கச்சுவர் ஓரம் நின்றுகொண்டிருக்கும் இளைய தலைமுறையே! அனைவருக்கும் என் தாழ்மையான வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் துணையாசிரியனாக இருந்து அடுத்தவர் எழுத்தை வெட்டிப் பிழைத்தவன் நான். பத்து வரியை ஐந்தாக்குவேன், ஐந்தை ஒன்றாக்குவேன். அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயரே கத்திரி! பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. சிரியுங்கள் ஐயா, நன்றாகச் சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் உங்களால் சிரிக்க முடியாது.

இன்று திறக்கப்பட்ட படக்கூடம் யார் நினைவாக நிற்கிறதோ, அவரை நாங்கள் புழுதி அக்கா என்று அழைத்தோம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டின் மண்ணைத் தலைமுடியில் கொண்டுவருவார். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைக்காமல் யாரும் உட்கார்ந்ததில்லை.

அவருக்கு முதன்முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஆன்மிகப் பக்கம்! "பொம்பளைப் புள்ளைக்குச் சண்டை சச்சரவெல்லாம் எதுக்கு? நாலு சாமி படம் எடுத்துக்கிட்டுக் கிடக்கட்டும்" என்றார் அன்றைய செய்தி ஆசிரியர். அக்கா எழுந்தார். பையைத் தூக்கினார். எத்தனை மதங்கள், எத்தனை மண்டபங்கள், எத்தனை மண்டியிடல்கள்! எங்கே தலையை மூட வேண்டும், எங்கே காலைக் கழுவ வேண்டும், எந்த நொடியில் கேமராவை இறக்கிவிட வேண்டும் என்பது அவருக்கு விரல்நுனிப் பாடம். ஒரு நாட்டில், பெண் என்பதால் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்து, வெளியே விட்டுப்போன செருப்புகளைப் படமெடுத்தார். தேய்ந்த செருப்பு, தைத்த செருப்பு, குழந்தையின் செருப்புக்கு அணைப்பாக அப்பனின் செருப்பு. அந்தப் பக்கம் வெளியானதும் ஒரு வாசகர் கோபமாகக் கடிதம் எழுதினார்: "இது எந்த மதத்தாரின் செருப்பு?" அக்கா அஞ்சலட்டையில் பதில் போட்டார்: "ஏழாம் நம்பர்."

நன்றி. இந்தக் கைதட்டலை அவர் இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

பிறகு என்ன ஆயிற்று? தொழுத இடத்தில் துப்பாக்கி வந்தது. மணி அடித்த கோபுரத்தில் குறிபார்ப்பவன் ஏறினான். பாட்டுப் பாடிய மண்டபத்தில் பிணங்களை வரிசையாகக் கிடத்தினார்கள். அவர் அதே இடங்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போனார். 'போர்க்களப் புகைப்படக்காரர்' என்று உலகம் பட்டம் கொடுத்தது. என் மேஜையில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னது இது: "நான் துறை மாறலய்யா கத்திரி. சண்டைதான் என் துறைக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு."

இனி, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஆற்றங்கரையில் ஓர் ஊர். இரண்டு மதத்தார் வாழ்ந்த ஊர். ஒரு தரப்பின் வழிபாட்டிடத்தை, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே வெளியே பூட்டி, கூரையில் தீ வைத்துவிட்டுப் போய்விட்டது ஒரு கும்பல். என்ன? யார் அங்கே கேட்பது? எந்த மதம் என்றா? உட்காருங்கள் தம்பி. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஊரைச் சாம்பலாக்கினார்கள். இந்த மேடையில் அதற்குப் பதில் கிடையாது!

அப்போது பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு லாரி மெக்கானிக் கடப்பாரையோடு ஓடிவந்தார். தீ வைத்தவர்களின் மதம்தான் அவருக்கும். வந்து பூட்டை உடைத்தார். முப்பத்தொரு பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அக்கா எதிரே நின்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு படம் வந்து சேர இருபது நிமிடம் ஆகும். முதல் படம் வந்தது. புகை, கதவு, கடப்பாரையை ஓங்கிய ஒரு மனிதன். அடுத்த படங்களுக்கு முன்னால் அக்கா என்னை அழைத்தார். "கத்திரி, எழுதிக்க. ஒரு வார்த்தை குறையக் கூடாது" என்றார். எழுதினேன்: 'வெளியே பூட்டித் தீவைக்கப்பட்ட வழிபாட்டிடத்தில் சிக்கிய முப்பத்தொரு பேரைக் காப்பாற்ற, பூட்டை உடைக்கிறார் எதிர்த்தரப்பு மதத்தைச் சேர்ந்த லாரி மெக்கானிக்.' "எழுதிட்டியா? திருப்பிப் படி" என்றார். படித்தேன். "சரி" என்றார். அத்துடன் அந்த ஊரின் தொடர்பு அறுந்துபோனது.

மணி பதினொன்று இருபது. பதினொன்றரைக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். செய்தி ஆசிரியர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "படம் பிரமாதம்யா. கீழ ஒரு வரிதான் நிக்கும். சுருக்கு."

சுருக்கினேன்.

'வழிபாட்டிடத்தின் பூட்டை உடைக்கிறார் ஒருவர்.'

அவையோரே, இந்த வரியில் ஒரு பொய் இருக்கிறதா? வழிபாட்டிடம்? உண்மை. பூட்டு? உண்மை. உடைத்தார்? உண்மை. ஒருவர்? அதுவும் உண்மை! நான்கு உண்மைகளைக் கோத்து ஒரு கொலைக்கருவி செய்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "நறுக்குனு இருக்குய்யா" என்று முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு கைகழுவிவிட்டு, சாப்பிடப் போனேன்.

தாளுக்குக் கால் இல்லை. ஆனால் அன்று மாலை அது ஓடிய ஓட்டத்தைப் போல் எந்தக் குதிரையும் ஓடியதில்லை. அந்த மெக்கானிக்கின் சொந்த மதத்துக்காரர்கள் பட்டறைக்குத் திரண்டு வந்தார்கள். "நம்ம சிங்கம்டா! அவங்க கோட்டைக்கே போய் உடைச்சிட்டான்!" என்று தோளில் தூக்கினார்கள். அவர் தோளில் இருந்தபடியே கத்தினார்: "ஐயோ, நான் அவங்கள வெளிய விடத்தான்யா உடைச்சேன்! குழந்தைங்க இருந்துச்சுய்யா உள்ள!"

இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்ட வேகத்தில் இரண்டு விலா எலும்பு முறிந்தது. நேற்றுவரை நம்மவன், அந்த நொடியில் துரோகி.

மறுபக்கத்திலோ அதே பத்திரிகையைச் சுவர் சுவராக ஒட்டி, இவன் தலை எங்கே என்று கேட்டார்கள். அவர் காப்பாற்றிய முப்பத்தொரு பேர் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்களா? ஆற்றுக்கு அக்கரையில் முகாமில் கிடந்தார்கள். அங்கே பத்திரிகை வரவில்லை. நாங்கள் திருத்தம் போட்டோம். ஆம், போட்டோம்! நான்காம் நாள், ஏழாம் பக்கம், வானிலைக்குக் கீழே. அன்றைக்கு எங்கெங்கே மழை என்று தேடியவர்கள் படித்திருக்கலாம்.

பதினோராம் நாள், அவரைப் பட்டறையில், பாதி பழுதுபார்த்த ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தார்கள். உயிர் இல்லை. செய்தது எந்தத் தரப்பு என்று இன்றுவரை தெரியாது. இரண்டு தரப்புக்கும் காரணம் இருந்தது. இரண்டு தரப்புக்கும் அந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

பன்னிரண்டாம் நாள் அக்கா செய்தியறைக்குள் வந்தார். வழக்கம்போல் தலையெல்லாம் புழுதி. கையில் அந்தப் பத்திரிகை. நடுவில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"யாருய்யா வெட்டினது?"

அறையில் இருந்த இருபது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், என்னைத் தவிர. செய்தி ஆசிரியர்தான் எழுந்தார். "இடம் இல்லம்மா. பக்கம் நிக்கல" என்றார். அக்கா பக்கம் வடிவமைக்கும் மேஜையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்தார். பத்திரிகையை விரித்தார். "நான் சொன்னதை முழுசாப் போட எவ்ளோ இடம் வேணும்?" என்று கேட்டு, அவரே அளந்து, அவரே சொன்னார்: "அரை அங்குலம்." படத்துக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை விளம்பரம். ஒரு பெண் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதையும் அளந்தார். "இவ தூங்க ஆறு அங்குலம் குடுத்திருக்கீங்க. அந்த மனுசன் உசுரோட இருக்க அரை அங்குலம் இல்லாமப் போச்சா?"

யார் பதில் சொல்வது? நான் சொல்லியிருக்க வேண்டும். "நான்தான் அக்கா" என்று இரண்டே சொல். வரிகளைச் சுருக்குவதில் வல்லவனான எனக்கு அந்த இரண்டு சொல் வரவில்லை. குனிந்து பென்சில் சீவினேன். பழி செய்தி ஆசிரியர் தலையில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓராண்டுக்குள் அந்தப் படத்துக்கு உலகப் பரிசு. அக்கா போய் வாங்க மறுத்தார். தலைவர் அவர்களின் தந்தையார் விமானம் ஏறிப் போய் வாங்கி வந்து வரவேற்பறையில் மாட்டினார். அன்றே அக்கா வேலையை விட்டார். அதன்பின் இருபது ஆண்டுகள், எந்த நிறுவனத்தின் நிழலும் இல்லாமல், பனியிலும் பாலையிலும் பதுங்குகுழியிலும் அதே வேலைதான். ஒரு காது குண்டுச் சத்தத்தில் போயிற்று. ஒரு முழங்கால் மதில் இடிந்ததில் போயிற்று. ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது: படத்தின் மேலேயே, ஆட்களின் காலடியை ஒட்டி, வெள்ளை மையில் முழு விவரத்தையும் எழுதி அனுப்புவார். எழுத்தை வெட்டினால் ஆளின் காலும் சேர்ந்து வெட்டுப்படும்! ஏழு பத்திரிகைகள் "இது சரிப்படாது" என்று அவர் படங்களை நிறுத்தின. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

சென்ற ஆண்டு, மருத்துவமனைப் பொதுப்பிரிவில், சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து. நான் நாலேமுக்காலுக்குத்தான் போனேன். பேச நேரமில்லை என்று சாக்குச் சொல்லத் தோதாக. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த வரிய வெட்டினது நான்தான்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. நான் கேட்டப்ப எல்லாரும் என்னப் பார்த்தாங்க. நீ மட்டும் ஏற்கெனவே கூரா இருந்த பென்சிலைச் சீவிக்கிட்டு இருந்த."

"அப்புறம் ஏன் அக்கா கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பார்த்தேன். இருபத்தஞ்சு வருஷமாப் பார்த்தேன்." சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "என்கிட்ட சொல்லி என்னய்யா ஆகப்போகுது? நான் என்ன தாலி அறுத்தவளா? அவகிட்டப் போய்ச் சொல்லு."

நான் உடனே போனேனா? போகவில்லை. அக்காவை அடக்கம் செய்த பிறகும் போகவில்லை. இந்த விழாவின் அழைப்பிதழ் வந்தது. அதில் அதே படம். அதற்குக் கீழே, என் கைவண்ணம்: 'வழிபாட்டிடத்தின் பூட்டை உடைக்கிறார் ஒருவர்.' அதைப் பார்த்த பிறகுதான், சென்ற வாரம், போனேன்.

நான்காம் மாடியில் ஓர் அறை. சன்னலோரம் தையல் இயந்திரம். அதைச் சுற்றிப் பள்ளிச் சீருடைத் துணிகள். அந்த மெக்கானிக்கின் மனைவி நான் சொன்னது அத்தனையும் கேட்டார். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அவரு போனப்ப என் பொண்ணுக்கு மூணு மாசம்" என்றார். "இப்ப மருந்துக் கடையில வேலை பாக்குறா. பொண்ணு கேட்டு ரெண்டு எடத்துல இருந்து வந்தாங்க. ரெண்டு பேருமே எங்கயோ அந்தப் படத்தப் பார்த்துட்டு, 'உங்க வீட்டுக்காரர் கலவரக்காரராமே'ன்னுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நீங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க. அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதினேன். நடந்தது முழுவதும், இரண்டு பக்கம், ஒரு சொல்லையும் அடிக்காமல் எழுதினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"லாரி மெக்கானிக்னு போட்டிருக்கீங்களே. பேரு எங்க?"

பெரியோர்களே, தாய்மார்களே! இருபத்தாறு ஆண்டுகள் அந்த மனிதரை நினைத்து நினைத்து வெந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவர் பெயர் எனக்குத் தெரியாது! தெரிந்துகொள்ள ஒருநாளும் தோன்றியதில்லை! அந்தத் தாய் எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் பள்ளிப்பிள்ளையைப் போல எழுதினேன்.

"விழாவுல இந்தப் பேரச் சொல்லட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "கை தட்டுவாங்க."

ஆகவே அந்தப் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அது உங்கள் கைதட்டலுக்காக வைத்த பெயர் இல்லை. நான் எழுதிய தாளின் நகல் என் சட்டைப்பையில் இருக்கிறது. தலைவர் அவர்களே, இதோ. பெயர் இருக்கிறது, நடந்தது இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. கூடத்தில் அந்தப் படத்துக்குக் கீழே இதை முழுமையாக மாட்டுங்கள். முடியாதென்றால் படத்தை இறக்குங்கள். இரண்டும் முடியாதென்றால், நாளை காலை முதல் நான் அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வேன். கால் வலிக்கும். வலிக்கட்டும்.

வாங்கிக்கொண்டீர்கள். நன்றி. படிக்கிறீர்கள். அதற்கும் நன்றி. இல்லை ஐயா, அந்த மாலை எனக்கு வேண்டாம், மேஜையிலேயே இருக்கட்டும்.

பத்து நிமிடத்தைத் தாண்டிய என்னைப் பொறுத்தருளிய அவைக்கும், கேட்கக் கசந்ததை எழுந்து போகாமல் கேட்ட உங்கள் காதுகளுக்கும் நன்றி கூறி, நான்காம் மாடியில் இந்நேரமும் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கும் அந்தத் தாய் இருக்கும் திசை நோக்கி என் தலையைத் தாழ்த்தி, விடைபெறுகிறேன். வணக்கம்.