சிவப்பு மாறாத கிணறு

எதிரியின் பெயர் அடைக்கலம், தகப்பனார் பெயர் மூக்கன், வயது சுமார் நாற்பது, தொழில் சத்திரக் காவல், இருப்பிடம் ஸ்ரீரங்கத்தை அடுத்த கொள்ளிடக்கரை வேம்படித்துறை. பொதுக் கிணற்றை முள் போட்டு அடைத்ததாக வந்த புகாரின் பேரில், 1943ஆம் வருஷம் டிசம்பர் மாதம் விசாரித்தபோது சொன்னது:

வேம்படித்துறைப் பஞ்சாயத்து போர்டுக் கிணறு எங்கள் சத்திர வாசலில் இருக்கிறது. சமயபுரம் போய்விட்டு ஸ்ரீரங்கம் வரும் யாத்திரைக்காரர்களும் எங்கள் தெருக்காரர்களும் அதில்தான் தண்ணீர் எடுக்கிறோம். ஊரில் பேதி கண்டால் போர்டிலிருந்து கிணற்றில் மருந்து போடுவார்கள். தண்ணீர் சிவக்கும். சிவப்பைக் கண்டால்தான் ஜனங்கள் தைரியமாகக் குடிப்பார்கள். வழக்கமாக மறுநாளே தெளிந்துவிடும்.

இந்த ஐப்பசியில் பேதி வந்ததும் போர்டு காண்டிராக்டரின் வண்டிக்காரர் காத்தமுத்து வாளியில் கரைத்து ஊற்றினார். தண்ணீர் முன்னெப்போதையும்விட நன்றாகச் சிவந்தது. மறுநாளும் சிவப்பாக இருந்தது, அடுத்த வாரமும் இருந்தது. யுத்த காலத்திலும் இவ்வளவு வீரியமான மருந்து கொடுத்ததற்காகப் போர்டு பிரசிடெண்டு அவர்களுக்குத் தெருவில் மாலை போட்டோம்.

அதன் பிறகு என் மனைவி வீரம்மாளுக்குப் பேதி கண்டது. தாகம் என்று கேட்டபோதெல்லாம், மருந்துத் தண்ணீர் என்பதால், நானே கொடுத்தேன். மறுநாள் காலையில் இறந்துபோனாள். அவளுக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. ஆனால் உதடு சிவந்திருந்தது. பாடை கட்டிய பிறகு அவள் அக்காள் அழகம்மாள், "உதடு செவந்திருக்கு பாருங்க, உசிரு இருக்கு. தூக்காதீங்க" என்று பாடையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் பொழுது சாயும் வரை காத்திருந்தோம். சிவப்பு மாறவில்லை. அப்படியே கொண்டுபோனோம்.

அதன் பிறகு துக்கம் விசாரிக்க வந்த பிரசிடெண்டு அவர்கள், "மீன் கீன் சாப்பிட்டுச்சாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மோட்டாரிலிருந்து சோடா எடுத்துவரச் சொல்லிக் குடித்தார். சாவுக்குக் காரணம் மீன் என்று போர்டுப் பதிவேட்டில் எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு காரியத்தன்று காத்தமுத்து வந்தார். சோறு சாப்பிட்டார். விக்கல் எடுத்தும் தண்ணீரைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். இலையிலிருந்து எழுந்துவிட்டார். "மருந்து எங்கண்ணே போட்டோம்? அதுக்கு பில்லு மட்டுந்தான். உறையூர்ல சேலைக்கு முக்குற சாயம் அது. ஜனங்களுக்கு செவப்பாத் தெரிஞ்சாப் போதும்டான்னாரு காண்டிராக்டர். அவருக்கும் பிரசிடெண்டுக்கும் பாதிப் பாதி" என்றார்.

அன்றே கிணற்றின் வாயில் கருவேல முள் வெட்டிப் போட்டேன். சாயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எதிர்வீட்டுப் பாக்கியமேரி குடத்தோடு வந்து, "பொண்டாட்டி போனதுல புத்தி கலங்கிப்போச்சா? மருந்துக் கிணத்த மூடிட்டு எங்க புள்ளைங்களையும் சாவக் குடுக்கணுமா?" என்று முள்ளை இழுத்துப் போட்டாள். மறுபடியும் போட்டேன். ஏகாதசிக் கூட்டம் வருவதற்குள் கிணற்றை இறைக்கும்படி சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே செவந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பிரசிடெண்டு அவர்கள் என் மேல் புகார் கொடுத்தார்.

முள் போட்டது நான்தான். விட்டால் இன்றும் போடுவேன். அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தால் அவள் உதடுதான் தெரிகிறது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நடந்தது இதுதான்.

அடைக்கலம், இடது கைப் பெருவிரல் ரேகை.

சப் இன்ஸ்பெக்டர் குறிப்பு: முள்ளை அப்புறப்படுத்த ஆள் அனுப்பப்பட்டது. நெடுநேரம் பேசிய எதிரிக்கு ஸ்டேஷன் குடத்திலிருந்து தண்ணீர் கொடுக்கப்பட்டது. அவர் செம்புக்குள் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். கான்ஸ்டபிள் ரோசரியை விசாரித்ததில், ஏகாதசிக் கூட்டத்தில் பேதி வராமல் இருக்க, நேற்று முதல், முள்ளை விலக்கி மொண்ட வேம்படித்துறைக் கிணற்றுத் தண்ணீரே ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னார். நேற்று முதல் நானும் குடித்திருக்கிறேன். முள்ளை எடுக்கப் போன ஆளைத் திருப்பி அழைத்துவர ரோசரி சைக்கிளில் அனுப்பப்பட்டார்.