ஆயிரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு

எண்ணி முடிக்காமல் நான் டீ குடிப்பதில்லை. மும்பை செம்பூர் லேபில் பத்தொன்பது வருஷமாக என் கட்டிங் சாய் ஆறித்தான் போயிருக்கிறது. மருந்து கொடுத்த எலியின் ஈரல் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஆயிரம் செல் பார்த்து, அதில் எத்தனைக்கு இரண்டு உட்கரு என்று சொல்வது என் வேலை. எண்ணிக்கை எகிறினால் மருந்து ஈரலில் கைவைக்கிறது என்று அந்தச் சோதனையில் அர்த்தம்.

ஒட்டிக்கிடக்கும் இரண்டு செல் சில நேரம் ஒன்று போலத் தெரியும். அதனால் எல்லைக்கோடு முழுசாகத் தெரியாத எதையும் எண்ணக் கூடாது என்பது நான் போட்ட விதி. புதிதாக வந்த ஒரு மருந்துக்கு எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது; மருந்தே கொடுக்காத எலிக்கும் அவ்வளவு இருக்கும். இரண்டாவதாக எண்ணிய லிசாவுக்கு முந்நூற்று நாற்பது. அவள் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான்.

“சார், ஃபோகஸ் திருகை லேசா மேல கீழ திருப்புங்க. கோடு தெரியுது,” என்றாள், எல்லார் முன்னாலும்.

அவள் சாப்பிடப் போனதும் திருப்பினேன். தெரிந்தது. அவள் எண்ணியதுதான் சரி. எனக்கு அவமானமாக இருந்தது. லிசாவுக்கு இன்னும் கண் பழகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவளைக் கண்ணாடிச் சாமான் கழுவ அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் என் எண்ணிக்கை போனது.

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற கட்டம். தாராவியில் என் எதிர்வீட்டுச் செல்வம் சம்மதப் படிவத்தோடு நேரே என்னிடம் வந்தான்.

“ஜாபெஸ் அண்ணாச்சி, உங்க லேப் பார்த்த மருந்துதானாம். எலிக்கு ஒண்ணும் ஆவலைல்லா?”

“ஒண்ணும் ஆவல. கையெழுத்தப் போடு.”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என் பத்தொன்பது வருஷத்தையும் சந்தேகப்படுவார்களே என்று விழுங்கிவிட்டேன். மருந்து எடுத்த பதினோராம் நாள் செல்வத்துக்குக் கண் மஞ்சளானது. அடுத்த வாரம் அவன் சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன்.

“நீங்க சொன்னீயன்னுதான் அண்ணாச்சி போனாவ,” என்றாள் அவன் மனைவி ஸ்வீட்டி. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தெரிந்தேதான் செய்தேன் இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். செல்வத்தைக் கொன்றது நான்.

நேற்று, பிரேதப் பரிசோதனையில் எடுத்த அவன் ஈரல் ஸ்லைடைக் கொடுத்து எண்ணச் சொன்னீர்கள். நிதானமாக எண்ணி, இருநூற்றெட்டு என்றேன். எல்லை சரியாகத் தெரியாதவற்றை விட்டுவிட்டேன். ஃபோகஸ் திருகு விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கை போகவில்லை.