கழற்றி வைத்த சக்கரங்கள்

நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, மேடம். பின்னங்கால் சேரும் இடத்தில். ஆலன் கீ ஒன்று கிடைத்தால் அரை நிமிட வேலை. என் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு உத்தரவு இருக்கும், பரவாயில்லை. ஆடிக்கொண்டே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி முதல் தபால்காரர் சைக்கிள் வரை எல்லாம் வரும், போகும். எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் வெறும் ஃபிரேமிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு திருகையும் நானே முறுக்கி, முழுதாகக் கட்டியது ஒரே ஒரு ரேஸ் சைக்கிள்தான். என் தங்கை கணவருடையது. அதைத்தான் நீங்கள் ஒரு நீலப் பிளாஸ்டிக் விரிப்பில் மூன்று துண்டாகக் கிடத்தியிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை ஒரு மருந்து கம்பெனியில் விற்பனை மேலாளர். வாய் உள்ள பிள்ளை. நாற்பது வயதில் ஒரு நாள் சட்டைப் பொத்தான் மாட்ட முடியாமல் போக, மறுநாள் காலை என் கடை வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், ரேஸ் சைக்கிள் ஒண்ணு பண்ணணும். கடையில ரெடியா தொங்குறது வேணாம். பார்ட் பார்ட்டா வெளிநாட்லேர்ந்து வரவழைச்சுடறேன். நீங்க சும்மா மாட்டிக் குடுத்தா போதும்."

சும்மா மாட்டிக் கொடுத்தால் போதும் என்றார். அலமாரிக்குக் கதவு மாட்டுவதுபோல.

இரண்டு வருடம் பெட்டி பெட்டியாக வந்தது. ஃபிரேம் ஒரு நாட்டிலிருந்து, கியர் இன்னொரு நாட்டிலிருந்து. போனில் வீடியோ பார்த்து வாங்குவார். பாதி ஒன்றுக்கொன்று சேராது. பெடல் அச்சு ஒரு அளவு, அது உட்காரும் துளை வேறு அளவு. நான் லேத்தில் வளையம் கடைந்து, நூலளவு பிசகாமல் உட்காரவைப்பேன். எப்படிச் சேர்ந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சேர்ந்ததைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அவ்வளவுதான்.

சக்கரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் சுழலும் ஹப் தனியாக, கார்பன் ரிம் தனியாக, தட்டையான கறுப்பு ஸ்போக்குகள் தனியாக, மூன்று பார்சல். மேஜையில் கொட்டிவிட்டுப் போனார். நான் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பேன். எங்கே உரசுகிறதோ அங்கே ஸ்போக்கைக் கால் திருப்பு. கடைசி நாள் காகிதம் எங்கேயும் உரசவில்லை. சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கம் இல்லை.

மாப்பிள்ளையோடு ஞாயிறுதோறும் மலைப்பாதையில் ஓட்டும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் அவருக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஏறும்போது மூச்சு வாங்கி நடுவழியில் தண்ணீர் குடிப்பார். இறங்கும்போது மட்டும் ராக்கெட். ஒருமுறை அவர்கள் எல்லோரும் என் கடைக்கு வந்தார்கள். "இவர்தான் நம்ம பஞ்சர் ஸ்பெஷலிஸ்ட்" என்று என் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமானவன் இல்லை. எல்லாம் என் தங்கைக்காக.

அவளுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா போன பிறகு அவளை வளர்த்தது நான். அவள் கஷ்டப்பட்டால் எனக்குத் தெரியாமல் போகாது. அவள் பிறந்தநாளன்று காலையில் ஓட்டப் போனவர் மதியம்தான் வந்தார். கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தோம். சேறும் சகதியுமாக சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, அவள் துவைத்து மாட்டியிருந்த திரைச்சீலைமேல் சாத்தினார். கியர் பக்கமாகச் சாத்தினார், மேடம். கியர் பக்கமாக யாரும் சாத்த மாட்டார்கள். கார் கழுவும் குழாயால் பீய்ச்சி அடித்துக் கழுவுவார், பேரிங்குக்குள் தண்ணீர் போகும். செயினுக்கு எண்ணெய் விட்டது கிடையாது. இப்படிப்பட்ட மனிதரோடு அவள் ஏழு வருடம் குடித்தனம் நடத்தினாள்.

அவளைத் தனியாகக் கேட்டேன். "உனக்கு இங்க ஏதாவது குறையாம்மா?"

"ஒரு குறையும் இல்லண்ணா. கொஞ்சம் பீத்திக்குவார், அவ்வளவுதான். நல்லா வச்சுக்கறார். ஏன் கேக்கற?"

அவள் குறை இல்லை என்று சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

போன மாதம் மாப்பிள்ளை ஒரு செய்தியோடு வந்தார். புதிதாக ஒன்று ஆர்டர் செய்துவிட்டாராம். பட்டனைத் தட்டினால் கியர் மாறுமாம். அங்கேயே முழுசாகக் கட்டி, பெட்டியில் வந்துவிடுமாம், யாரும் எதையும் மாட்ட வேண்டியதில்லையாம். சரி, இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"இதப் பிரிச்சு ஃபிரேமை ஆபீஸ் சுவத்துல மாட்டிடலாம் மச்சான். சக்கரத்தப் படுக்கப்போட்டு மேல ஒரு கண்ணாடி வச்சா சூப்பரா ஒரு டீப்பாய் ஆயிடும். உங்க தங்கச்சிகூட ஆசைப்பட்டா."

டீப்பாய். காபி டம்ளர் வைப்பதற்கு.

அந்த வாரம்தான் என் தங்கையின் வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன்.

வழி அவரே கொடுத்தார். புதுசு வரும்வரை மலையில் இன்னும் வேகமாக இறங்க வேண்டுமாம். குனிந்து ஓட்ட வசதியாக ஹேண்டில்பாரை இரண்டு விரல் கீழே இறக்கச் சொன்னார். ஹேண்டில்பார் உட்காரும் குழாயும் கார்பன்தான். இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கும், கார்பன் கொடுக்காது, சட்டென்று ஒடியும். அதனால் அந்தக் குழாய்க்குள் ஒரு முட்டுத்துண்டு இருக்கும், வெளியிலிருந்து இறுக்கும்போது உள்ளே நசுங்காமல் தாங்க. அதை நான் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை. எவ்வளவு இறுக்கலாம் என்று காட்டும் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. அதை எடுக்காமல் சாதாரணச் சாவியால் இரண்டு திருகையும் அளவுக்கு மீறி இறுக்கினேன். உள்ளே முருங்கைக்காய் ஒடிவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். நல்ல கார்பன் கணீரென்று பேசும். இது பேசவில்லை.

சரியான அளவில் இறுக்கிய திருகுக்கெல்லாம் நான் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போடுவது வழக்கம். பார்த்த திருகு என்பதற்கு அடையாளம். அந்த இரண்டு திருகுக்கும் போட்டேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அந்தக் கோடுகள்தான்.

சக்கரங்களை அதற்கு முன்பே கழற்றிவிட்டேன். "பேரிங் தேஞ்சிருக்கு மாப்பிள்ளை, வெளிநாட்டுலேர்ந்துதான் வரணும். அதுவரைக்கும் கடையில கெடக்கற பழைய வெள்ளிக்கலர் சக்கரத்துல ஓட்டுங்க" என்று வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது சொன்னேன்.

"எப்படியும் டீப்பாய் ஆகப்போறதுதானே, எதுக்கு மச்சான் மெனக்கெடறீங்க" என்றார்.

ஒன்பது நாள் தாங்கியது. நல்ல குழாய். நடுவில் ஒரு புதன்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். சைக்கிள் பறக்குது மச்சான் என்று எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று உங்கள் உதவியாளர் நினைக்கிறார், அவர் முகத்தில் தெரிகிறது. சொல்லியிருக்கலாம்தான்.

சனிக்கிழமை போன் செய்தார். "மச்சான், எந்திரிச்சு நின்னு மிதிக்கும்போது ஹேண்டில்பார்ல கிறீச் கிறீச்னு ஒரு சத்தம் வருதே. நாளைக்கு மலைக்குப் போறோம், ஒரு தடவ கொண்டுவந்து காட்டட்டுமா?"

கொண்டுவாருங்கள் என்றால் ஐந்து நிமிடத்தில் வந்திருப்பார். நான் சுற்றவிட்டிருந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "கேபிள் உரசுற சத்தம். ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

மறுநாள் மூன்றாவது வளைவில் பிரேக் பிடித்திருக்கிறார். ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது என்று அவர் நண்பர்கள் சொன்னார்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நீங்களே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னால் வந்த நிபுணர் எனக்குப் பெரிய உபகாரம் செய்தார். இறக்குமதிப் பொருள், போலியாக இருக்கலாம், இணையத்தில் வாங்கினால் இப்படித்தான் என்று எழுதிவிட்டார். என் தங்கையிடமும் அதையே சொன்னார்கள். கோப்பு மூடியதுபோலத்தான். நீங்கள் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். மாப்பிள்ளை போனில் இருந்த படங்களை எல்லாம் மேஜையில் பரப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: எல்லாப் படத்திலும் பட்டையான கறுப்புச் சக்கரம், விழுந்த சைக்கிளில் மட்டும் ஏன் வெள்ளிச் சக்கரம்? பேரிங் தேய்ந்தது என்றேன். கடைக்கு ஆள் அனுப்பி, தொங்கிக்கொண்டிருந்த கறுப்புச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கச் சொன்னீர்கள். திரும்பி வந்த காவலர் உங்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "சத்தமே இல்ல மேடம், அது பாட்டுக்குச் சுத்திட்டே இருக்கு."

அவர் அப்படிச் சொன்னபோது, தப்பிக்க வேண்டும் என்பதைவிட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

நேற்று தங்கை வந்தாள். அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. ரொம்ப நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவர் போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். "எதுக்கும் ஒரு தடவ கொண்டு போய்க் காட்டிட்டு வந்துடறேன்னு கார் சாவியை எடுத்தார். நான்தான் தடுத்தேன். எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் என்று சொன்னேன். அவள் எழுந்தாள். கதவுவரை போனவளை ஒரு நிமிடம் நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கடைப் பின்னறையில் சக்கரங்கள் தொங்குகின்றன, மழை வரும்போல் இருக்கிறது, அங்கே சன்னலைச் சாத்தினார்களா என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடம்மா என்று.