மெம்பருக்குக் கொடுத்த தண்ணீர்

உழவர்கரை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வைத்திக்குப்பத்து மீன்காரிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் எதுவும் சாப்பிடாததால் பசியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

“அக்கா, நேத்து அசெம்பிளி மெம்பருக்கு நம்ம கிணத்துத் தண்ணியக் குடுத்துட்டேன்” என்றாள் இளையவள்.

“அடிப்பாவி! அந்த உப்புத் தண்ணியவா? பெரிய மனுஷங்க வந்தா சோடாதானடி வாங்கித் தருவோம்?”

“பட்ஜெட்டுல பணமில்ல, குடிதண்ணிக் குழாய் அடுத்த வருஷந்தான்னு பேசிக்கிட்டே இருந்தாரு. தொண்டை காஞ்சுபோயி தண்ணி கேட்டாரு.”

“குடிச்சாரா?”

“ஒரு வாய். மூஞ்சி கோணிப்போச்சு. குழாய்க்கு மறுபடி கேட்டுப் பாக்குறேன்னாரு.”

“அவ்ளோதானா?”

“இன்னொரு சொம்பு மோந்து நீட்டினேன். இந்த வருஷமே போட்டுடலாம்னுட்டாரு.”