கவுத்தி வச்ச உப்புப் பெட்டி

யாருட்டி கனகுவோட ஓலைப் பெட்டிய நிமுத்தி வச்சது? கஞ்சித் தூக்குச்சட்டிய மூடி வச்சுட்டு உக்காருங்க எல்லாரும். இந்த வரப்புல பெட்டிய ஏன் கவுத்துதோம்னு தெரியாமத்தான இந்த ஆட்டம் ஆடுதீங்க?

லாரி வராத காலமாம். உப்பு தோணியில போன காலமாம். இதே உப்பளத்துல எங்க பூட்டி முப்பிடாதி உப்பு சொமந்தாளாம். அவ மருமவ வெயிலுகந்தாளும் சொமந்தாளாம்.

கல்யாணமாகி ஆறாம் மாசம் மருமவளுக்கு நாள் தள்ளிப் போச்சாம். தள்ளிப் பத்து நாளுதான் இருக்கும். காலையில எந்திரிச்சா கொமட்டுதாம். பாத்தி வாடை பட்டாலே கொமட்டுதாம். மாரு கனக்குதாம், நின்ன எடத்துல தூக்கம் சொக்குதாம். "அத்தே, முடியல"ன்னாளாம். எங்க பூட்டி என்ன சொன்னா தெரியுமா? "மூணு மாசம் வாயத் தெறக்காத. ஊரு கண்ணு பட்டுரும்." அம்புட்டுதான். என் ரத்தந்தான், ஆனாலும் எனக்கு அவ மேலயும் கோவம் உண்டு.

சொல்லக் கூடாதுன்னா சொமக்கணும்லா? வெறும் வயித்தோட சொமந்தாளாம். வரப்போரம் வாந்தி எடுத்தாளாம், மறுபடி சொமந்தாளாம். "ஏ, என்ன நடிக்கியா?"ன்னு கங்காணி கத்துதானாம். கூட நின்ன பொம்பளைங்க சிரிக்காளுவளாம். காலையில நீங்க சிரிச்சீங்கள்லா, அதே சிரிப்பு. ஒருநா உச்சி வெயில்ல தல சுத்தி பெட்டியோட விழுந்தாளாம். சேலையெல்லாம் ரத்தம். பிள்ள தங்கல.

முப்பிடாதி அழலையாம். மறுநா அளத்துக்கு வந்தாளாம், தன் பெட்டிய வரப்புல கவுத்துனாளாம், அதுக்கு மேலயே உக்காந்துட்டாளாம்.

"வாயத் தெறக்காதன்னு சொன்ன பாவி நான். பாத்துப் பாத்துச் சிரிச்ச பாவிங்க நீங்க. இனிமே எவளும் சொல்லவும் வேண்டாம், எவனும் கேக்கவும் வேண்டாம். முடியாதவ பெட்டியக் கவுத்துவா. அவ சொமைய மத்தவ சொமக்கணும்!"

"எந்திரி"ன்னானாம் கங்காணி. "மாட்டேன்"னாளாம். மறுநாளும் "எந்திரி"ன்னானாம். மறுநாளும் "மாட்டேன்"னாளாம். மூணாம் நாளு அளத்துப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் பெட்டியக் கவுத்திட்டாளுவளாம். உப்பு அள்ள ஆளு ஏது அவனுக்கு? சரின்னுட்டானாம்.

அன்னைலேருந்து இதுக்குப் பேரு கவுத்தி வரப்பு. பெட்டி கவுந்திருந்தா கேள்வி கெடையாது. அந்த ஓலைப் பந்தல்ல உக்கார வைக்கணும். வயித்தக் காயப் போடாம பொரியோ கடலையோ கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கணும், மோரு வாய் வாயா ஊத்தணும். தண்ணி கூடத் தங்கலைன்னாலோ, ரத்தம் கண்டாலோ, ஒரு நிமிசம் தாமசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். வெயிலுகந்தா மறுவருசம் பெட்டியக் கவுத்துனா. அப்பப் பொறந்த பிள்ளதான் எங்கம்மா.

இன்னைக்குக் கனகு ஒரு வார்த்த பேசாம கவுத்தி வச்சா. அத நிமுத்தி, உப்ப அள்ளிப் போட்டு, அவ தலையிலயே ஏத்தி விட்டிருக்கீங்க. சீ!

ஏ சொடலி, நீ ஏன் தலையக் குனியுத? எந்திரி. உன் கையாலயே போயி அதக் கவுத்து. அவ சொம இன்னைக்கு உன் தலையிலதான்.